உப்புக்குச் சப்பாணி

தேர்தல் டூட்டி போட்டிருந்தார்கள்.
பண்ருட்டியிலிருந்து முந்தின நாள் மதியமே
பெட்டி, பேனா, அரக்கு, மெழுகுவத்தியோடு
கடலூர் முதுநகரில் வேனைவிட்டு இறங்கினால்
என் பள்ளிக்கூடம்.

கேட்டுக்குப் புது பெயின்ட்.
உப்பனாற்றுக்கு அதே வாசனை,
கொஞ்சம் கருவாடு, கொஞ்சம் டீசல்.
கொடிக்கம்பத்து மேடையைத் தேடினேன்.
இருக்கிறது. முழங்கால் உயரம்தான்.
அதில் ஏற எனக்கு
யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது.

கல்லா மண்ணா என்றால்
அந்த மேடை கல், வகுப்புப் படி கல்,
குழாயடி சிமெண்ட் கல்.
மிச்சமெல்லாம் மண்.
கிளிஞ்சல் நொறுங்கிக் கிடக்கும் வெள்ளை மண்,
நின்றால் குத்தும், ஓடினால் குத்தாது.

அப்போது எனக்கு நாலு வயசு.
அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்விடுவாள்.
அக்காவோடு மூணாங்கிளாஸில் ஒட்டிக்கொண்டு உட்காருவேன்.
வருகைப் பதிவேட்டில் நான் இல்லை.
ஆட்டத்திலும் இல்லை என்று சொல்ல மனசு வராமல்
ஜுலைகா ஒரு தீர்ப்பு சொன்னாள்:
"அவ உப்புக்குச் சப்பாணி."
உப்பனாற்றங்கரையில் உப்புக்கா பஞ்சம்.

அதன்படி
நான் ஓடலாம், யாரும் துரத்த மாட்டார்கள்.
மண்ணில் நிற்கலாம், தொட மாட்டார்கள்.
தவறித் தொட்டாலும் அவுட்டு இல்லை.
துரத்தாதவர்களிடமிருந்து
மூச்சிரைக்க, கத்திக் கத்தி
ஓடித் தப்பித்திருக்கிறேன்.

ஐஸ் பாயில் ஒருநாள் பூவரச மரத்துக்குப் பின்னால்
ஒளிந்தவள் ஒளிந்தபடியே இருந்தேன்.
தண்டவாளத் துண்டில் பெல் அடித்தார்கள்.
எல்லோரும் உள்ளே போய்
ஏழாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினார்கள்.
ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்
ஏழு ஒன்பது அறுபத்து மூணுவரை.

பூவராகன் நடுவில் வந்து சேர்ந்தவன்,
சோனங்குப்பத்துப் பையன்.
மேல் பட்டனுக்குப் பதில் ஊக்கு.
சட்டதிட்டம் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
ஒரு மதியம், சத்துணவு முட்டை மணக்கும் கையோடு
எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத் துரத்தினான்.
மேடைக்கு இரண்டு தப்படி இருக்க
முதுகில் பட்டென்று ஒன்று.
"அவுட்டு!"

"அவ சப்பாணிடா" என்றாள் ஜுலைகா.
"மண்ணுல நின்னா. தொட்டேன். அவுட்டு."
பெரிய தகராறு.
அக்கா எனக்காக வாதாடினாள்.
நான் அழுதேன்.
அவுட் ஆனதற்கு அழுகிறேன் என்றார்கள்.
அக்கா ஜெயித்துவிடுவாளோ என்று அழுதேன்.

அடுத்த ஆட்டம் நான் பிடிக்க வேண்டும்.
ஒருவரையும் பிடிக்க முடியவில்லை.
அவர்கள் கல்லிலேயே நின்றார்கள்.
பெல் அடிக்கும்வரை
மண் முழுக்க என்னுடையது.

காலை பதினொன்றரை.
பக்கத்து மேசையில் பட்டியலை உரக்கப் படிக்கிறார்:
"ஐநூத்திப் பதினேழு. பூவராகன்.
தகப்பனார் பேரு கலியபெருமாள்."
ஏஜெண்டுகள் தலையாட்டினார்கள்.
மீசை நரைத்த ஒருவர்
இடது கையை நீட்டினார்.
ஆள்காட்டி விரலில் வலை அறுத்த தழும்பு.
"கொஞ்சமா வைங்க மேடம், கல்யாணத்துக்குப் போவணும்."

நகத்திலிருந்து தோல்வரை
மையை நன்றாகவே இழுத்தேன்.
வாக்காளரிடம் பழைய கதை பேச விதியில் இடமில்லை.
வாய்க்குள் ஒரு சொல் சொன்னேன்.
"என்ன மேடம்?"
"ஒண்ணுமில்ல, ஊதிக்கிட்டே அந்தப் பக்கம் போங்க."

வெளியே வரிசைக்காக
பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டிருந்தார்கள்.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
விரலை ஊதிக்கொண்டே போனவர்
ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை.